பல மையங்கள், அதே புறஞ்சேரி

போன வருஷம் சென்னையில் ஒரு கருத்தரங்கத்துக்குப் போயிருந்தேன். நகரத் திட்டமிடலில் பேர்பெற்ற ஒரு பெரியவர் திரையில் இரண்டு படங்கள் காட்டினார். முதல் படத்தில் நடுவில் ஒரு பெரிய சிவப்பு வட்டம். நாலாபக்கமும் இருந்து கோடுகள் அதில் வந்து முட்டின. 'இது ஒற்றை மைய நகரம். காலையில் எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடுகிறார்கள். மாலையில் எல்லோரும் அங்கிருந்து திரும்புகிறார்கள். இப்படியே போனால் நகரம் மூச்சு முட்டிச் சாகும்' என்றார். இரண்டாவது படத்தில் ஏழெட்டுச் சின்ன வட்டங்கள். 'இது பல்மைய நகரம். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் அவரவர் வட்டத்துக்குள்ளேயே. இதுதான் விடுதலை' என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சொன்னதில் நியாயம் இருந்தது.

டீ குடிக்கும்போது அவரே வந்து பேச்சுக் கொடுத்தார்.

'எங்கேம்மா இருக்கீங்க?'

'கண்ணகி நகர் சார்.'

'ஓ... அங்கே ஏதாவது என்.ஜி.ஓ.விலே வேலையா?'

'இல்ல சார். வீடே அங்கதான்.'

கையிலிருந்த பிஸ்கட்டை ஒரு விநாடி பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த இன்னொருவரிடம் பேசத் திரும்பிக்கொண்டார்.

அவர் காட்டிய இரண்டாவது படத்தில் பழைய மாமல்லபுரம் சாலை மேல் ஒரு பெரிய வட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் மையம். என் வீடு அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. படத்தின்படி பார்த்தால் நான் மையவாசி. அப்படியிருக்க அந்த ஒரு விநாடி எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை அந்த ஒரு விநாடியைப் பற்றியது.

*

தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் படித்து வளர்ந்தவள் நான். மையம், விளிம்பு, மையத்தைத் தகர்த்தல் என்ற சொற்களெல்லாம் எனக்கு அங்கிருந்துதான் வந்தன. இன்றும் அவை மேல் எனக்கு மரியாதை உண்டு. இலக்கியத்தில் யார் மையம், வரலாற்றில் யார் மையம் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவை அவை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மையத்தைத் தகர்ப்போம் என்று தோழர்கள் எழுதிய அந்தப் பத்தாண்டு முடிந்த கையோடு, நகரத்தின் மையத்தில் இருந்த எங்கள் குடிசைகளைத் தகர்த்தார்கள். நாம் சொல்லாடலில் மையத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர்கள் அதைச் சதுர அடிக் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அதிகார வர்க்கமே 'ஒரு மையம் கூடாது, பல மையங்கள் வேண்டும்' என்று பேசுகிறது. கேட்க நம் பேச்சு மாதிரியே இருக்கிறது. அதனால்தான் நாம் ஏமாறிவிடக் கூடாது.

பல்மைய வாதத்தின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒரே இடத்தில் வேலையைக் குவித்தால் அங்கே நிலத்தின் விலை வானத்துக்கு ஏறும். ஏழை தூரத்துக்குத் தள்ளப்படுவான். தூரத்திலிருந்து வேலைக்கு வர நேரமும் காசும் போகும். வேலையைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் இது குறையும். சரி. ஆனால் இந்த வாதத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மையத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் இருப்பது கிலோமீட்டர் மட்டும்தான் என்ற நம்பிக்கை. கிலோமீட்டரைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். சாதி என்ற சொல் அந்தக் கருத்தரங்கில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

*

எங்கப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினவர். சிந்தாதிரிப்பேட்டைக்குப் பக்கம் கூவத்து ஓரம் எங்கள் குடிசை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடந்தே சாவடிக்குப் போவார். காலை பத்து மணிக்குத் திரும்பிவிடுவார். அம்மா திருவல்லிக்கேணியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவளும் நடந்துதான் போவாள். எனக்குப் பள்ளிக்கூடம் நடை தூரம். காய்ச்சல் வந்தால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி நடை தூரம்.

1996ல் கொத்தவால் சாவடியை எடுத்துக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைக்க என்றார்கள். நைனா லாரியிலும் முதல் பஸ்ஸிலும் தொற்றிக்கொண்டு கோயம்பேடு போனார். 2001ல் லாரியோடு வந்து எங்கள் குடிசையைப் பிரித்தார்கள். தட்டுமுட்டுச் சாமானோடு எங்களை ஏற்றிக் கண்ணகி நகரில் இறக்கினார்கள். நான் எட்டாம் வகுப்பு. புது வீடு 200 சதுர அடிகூட இல்லாத ஒரு அறை. கோயம்பேடு நகரத்தின் மேற்கே, நாங்கள் தெற்கே. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த பஸ்? நைனா மார்க்கெட்டிலேயே கோணிமேல் படுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஆனார். அவர் வருகிற நாளில் என் தம்பி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அவனுக்கு அவரை அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. 2020ல் கொரோனாவுக்காகக் கோயம்பேட்டை மூடிச் சில மாதம் காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்களே, அப்போது நைனா வேலையையே விட்டார். 'இன்னும் எத்தினி எடத்துக்குடா தூக்கினு போவீங்க' என்றார். அவ்வளவுதான்.

மூன்று முறை மையம் நகர்ந்தது. மூன்று முறையும் அதைச் சுமந்தவர்களில் ஒருவர் என் நைனா. எந்தத் திட்ட அறிக்கையிலும் அவர் கணக்கில் வரவில்லை.

கருத்தரங்கத்திலிருந்து வந்த அன்று ராத்திரி, அந்தப் பெரியவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரியும்படி வட்டம் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

'இன்னாடி இது புதுசா சொல்லிக்கினு கீறான்? வேல கீற எடத்தாண்டயே வூடும் இருந்தா நல்லாருக்கும்ன்றான். அத்தத்தான நாங்க கூவத்தாண்ட நின்னுக்கினு கத்துனோம். அப்ப எவன் காதுல வாங்குனான்?'

எனக்குச் சுருக்கென்றது. எம்.ஏ. படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. பல்மைய நகரம் என்று அவர்கள் கனவு காணுகிறார்களே, வேலையும் பள்ளியும் மருத்துவமும் நடை தூரத்தில் என்று, அப்படித்தான் எங்கள் சேரி இருந்தது. சாக்கடை நடுவில் இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, அதே கனவைக் கண்ணாடிக் கட்டடங்களில் குடியேறுகிறவர்களுக்கு விற்கிறார்கள்.

*

இது தெரியாமல் நடந்த தவறா? வரலாற்றைப் பார்க்கலாம்.

சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் 1975ல் ஒப்புதல் பெற்றது. பல்மையச் சிந்தனை அதிலேயே இருக்கிறது. மாதவரம், அம்பத்தூர், ஆவடி, ஆலந்தூர், தாம்பரம் ஆகியவற்றை நகர்ப்புற முனைகளாக வளர்ப்பது, மறைமலை நகர் போன்ற துணைநகரங்களை எழுப்புவது, நகரின் நடுவில் குவிந்த சில தொழில்களை வெளியே கொண்டுபோவது என்பதெல்லாம் அந்தத் திட்டத்தின் பேச்சு. கோயம்பேடு சந்தை அந்த வழியில் வந்ததுதான். 2002ல் வெளியூர்ப் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டது. ஆக, பல மையம் என்பது நேற்று முளைத்த யோசனை அல்ல. ஐம்பது வருஷமாக நடக்கிற காரியம்.

அதே காலத்தில் அரசுக்கு இன்னொரு வழியும் தெரிந்திருந்தது. 1970ல் குடிசை மாற்று வாரியம் உருவானது. 1971ல் அதற்கான சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் கட்டிய மாடிக் குடியிருப்புகளைப் போய்ப் பாருங்கள். கடற்கரை ஓரத்திலும் மயிலாப்பூர்ப் பக்கத்திலும் நகரின் நடுவிலும், குடிசை இருந்த இடத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ நிற்கின்றன. 1977ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனை, தண்ணீர், சாலை கொடுத்து, வீட்டை அவரவர் கட்டிக்கொள்ளவிட்டார்கள். அந்தத் திட்டங்களுக்கும் குறை உண்டு. ஆனால் ஏழையை நகரத்துக்குள் வைத்துக்கொண்டே வீடு கொடுக்க முடியும் என்பதற்கு அவை சாட்சி. முடியாது என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

2000க்குப் பிறகு காற்று மாறியது. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20 ஆயிரம் அளவுக்கு. நகரத்தின் ஆற்றோரத்திலும் கால்வாய் ஓரத்திலும் இருந்தவர்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து ஒரே பக்கத்தில் குவித்தார்கள். 2019 டிசம்பர் கடைசியில் தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகரை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கூட ஆண்டின் நடுவில், பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில். சத்தியவாணி முத்து யார்? 1967ல் அண்ணா அமைச்சரவையில் இருந்தவர். 1974ல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். அந்தப் பெயரைத் தாங்கிய சேரியே நகரத்துக்குள் நிற்க முடியவில்லை. 2021ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். குடிசை என்ற சொல் பலகையிலிருந்து போய்விட்டது. குடிசைவாசியும் நகரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தான்.

ஏன் எல்லாம் தெற்கு ஓரத்தில்? கணக்கு எளிது. நகரத்தின் நடுவில் நிலத்தின் விலை ஏறஏற, 'இந்த நிலத்தில் இவர்களா?' என்று கேள்வி வருகிறது. ஏழைக்கு வீடு கட்டும்போது நிலத்துக்கு விலை போடாத இடம் தேடுகிறார்கள். அது புறம்போக்கு. ஏரிக்கரை, தாழ்நிலம், சதுப்பின் ஓரம். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிக் கிடக்கின்றன. கூவத்திலும் அடையாற்றிலும் வெள்ள ஆபத்து என்று சொல்லித்தான் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே அனுப்பினார்கள். அந்த 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் மூழ்கித்தான் கிடந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விடுவதற்கு மறுவாழ்வு என்று பெயர்.

*

'நீங்கள் கூவத்தின் நாற்றத்தைப் புனிதப்படுத்துகிறீர்கள்' என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். இல்லை தோழர்களே. கூவத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, என் புத்தகப் பையை நானே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆறு எங்களுக்கு வேண்டாம். நாங்கள் கேட்டது வீடு. ஆற்றிலிருந்து நூறு கஜம் தள்ளி, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1995ல் ஓடத் தொடங்கியதே பறக்கும் ரயில், அதன் தூண்கள் எங்கே நிற்கின்றன? பக்கிங்காம் கால்வாய்க்குள் நிற்கின்றன. கால்வாய்க்குள் ரயில் விட்டால் வளர்ச்சி. கால்வாய்க் கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. சதுப்பு நிலத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தால் அது மையம். அதே சதுப்பின் ஓரத்தில் எங்களைக் கொண்டுபோய் வைத்தால் அது மீள்குடியமர்வு. தண்ணீருக்குச் சாதி தெரியாது. திட்டத்துக்குத் தெரிகிறது.

*

இனி அந்த ஒரு விநாடிக்கு வருகிறேன்.

தரமணியில் டைடல் பூங்கா 2000ல் திறக்கப்பட்டது. எங்களைப் போன்றவர்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து இறக்கியதும் அதே காலத்தில்தான். நாங்கள் வந்தபோது அது ஊருக்கு வெளியே இருந்த பொட்டல். பத்தே வருஷத்தில் அந்தச் சாலை நகரத்தின் புது மையம் ஆகிவிட்டது. பல்மையவாதி சொல்கிறபடி பார்த்தால் எங்கள் கஷ்டம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். மையமே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டதே!

வந்தது. எங்கள் தெருப் பெண்கள் விடியற்காலையில் அந்தக் கட்டடங்களின் கழிவறைகளைக் கழுவப் போகிறார்கள். அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். ஆண்கள் காவலாளி உடுப்பில் கேட்டருகே நிற்கிறார்கள். சரி, உள்ளே நாற்காலியில் உட்கார? என் தம்பி பி.காம். முடித்து அதே சாலையில் ஓர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனான். எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியில் முகவரியைப் பார்த்தார்கள். 'கண்ணகி நகரா? சரி, சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. அடுத்த இடத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அண்ணன் அவனுக்கு யோசனை சொன்னார்: 'தொரப்பாக்கம்னு மட்டும் போடுறா. அதுவும் பொய்யில்ல.' அப்படிப் போட்டான். வேலை கிடைத்தது. அங்கே சேர்ந்து மூன்று வருஷமாகியும் கூட வேலை செய்கிற ஒருவனையும் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை.

கிராமத்தில் சேரிக்காரன் என்று தெரியாமலிருக்க வழியில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். பார்த்தாலே தெரியும். நகரத்துக்கு வந்தால் அது கரைந்துவிடும் என்று நம்பித்தான் நம் தாத்தா பாட்டிகள் ரயிலேறி வந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1948ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான வார்த்தைகளை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அவர் கிராமத்தை வெறுத்ததற்குக் காரணம் அங்கே மின்விளக்கு இல்லை என்பதா? ஒரு மனிதனின் இருப்பிடத்தை வைத்தே அவன் பிறப்பைச் சொல்லிவிடலாம் என்ற அமைப்பைத்தான் அவர் வெறுத்தார். இன்று அரசாங்கம் செலவு செய்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, அதே அமைப்பை நகரத்துக்குள் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களையும், அவர்களைப் போலவே இல்லாதப்பட்ட மற்றவர்களையும் சேர்த்து ஓரிடத்தில் குவித்து அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால், பெயரைச் சொன்னாலே போதும். சாதிச் சான்றிதழ் தேவையில்லை. அந்தப் பெரியவர் பிஸ்கட்டைப் பார்த்த விநாடி அதுதான்.

ஆகவே சொல்கிறேன். ஒரு மையமா, பல மையங்களா என்பது வண்டி வைத்திருப்பவர்களின் சண்டை. ஒற்றை மைய நகரத்தில் எங்கள் சேரி மையத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் எந்த நேரமும் பிடுங்கப்படலாம் என்ற நிலையில் இருந்தது. பல்மைய நகரத்தில் ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு சேரி, அரசாங்க வரைபடத்திலேயே குறித்து, காங்கிரீட்டில் கட்டித் தரப்படுகிறது. மையங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சேரிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. சேரி இல்லாத மையம் ஒன்றைக் காட்டுங்கள். அப்புறம் விடுதலை என்று பேசலாம்.

*

தமிழ் படித்தவள் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் குடியிருப்புக்குக் கண்ணகி பெயரை வைத்தவர்கள் சிலப்பதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தார்களா தெரியாது. புகார் நகரத்தை இளங்கோ இரண்டாகக் காட்டுகிறார். கடலோர மருவூர்ப்பாக்கத்தில் கைத்தொழிலாளரும் சிறு வியாபாரிகளும். பட்டினப்பாக்கத்தில் அரசனும் அந்தணரும் பெருவணிகரும். நடுவில் சந்தை. யார் எங்கே என்ற பிரிப்பு நம் நகர வருணனைகளுக்குப் புதிதல்ல. மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்குப் பெயரே 'புறஞ்சேரி இறுத்த காதை'. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையுமுன் மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். அந்தப் புறஞ்சேரி அறவோர் வாழ்ந்த இடம். கண்ணகி அங்கே தங்கியது கொஞ்ச நேரம்தான். எங்களை அவள் பெயரிலேயே புறஞ்சேரியில் நிரந்தரமாகத் தங்க வைத்துவிட்டார்கள். நீதி கேட்டு அரண்மனைக்குள் போய் நின்றவள் பெயரை, நகரத்துக்குள் நிற்கக் கூடாது என்று அனுப்பப்பட்டவர்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

*

இதுவரை சொன்னது நடந்து முடிந்தது. இனி நடக்கப் போவது இதைவிடப் பெரியது.

சென்னைப் பெருநகரப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் பகுதிகள் உள்ளே வந்துவிட்டன. செங்கல்பட்டு, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருவள்ளூர், திருமழிசை, மீஞ்சூர் என்று புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இவைதான் நாளைய மையங்கள்.

இந்த மண் எது தோழர்களே? 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்கீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினாரே, அந்த மண். அதன் விளைவாக 1892ல் அரசு ஆணை போட்டு ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கிடக்கிற மண். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே கைமாறலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதில் பெரும்பங்கு யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் ரத்தம் காய்ந்த நிலத்தின் மேல்தான் புது மையங்களின் வட்டத்தை வரையப் போகிறார்கள்.

மையம் வருகிறது என்ற செய்தி வந்தாலே நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய நிலத்தில் பழைய பதிவேட்டைத் தேடிப் பார்க்க எவனுக்கும் மனசு வராது. இன்று வயலாகக் கிடக்கும் பஞ்சமி நிலத்தை ஓர் ஆணையால் மீட்கலாம். நாளை அதன்மேல் நாற்பது மாடி எழுந்த பிறகு எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்? புறம்போக்கில் குடியிருக்கும் அந்த ஊர்ச் சேரிக்காரர்களுக்கு, 'பேருந்து நிலையம் வருகிறது, சாலை வருகிறது' என்று நோட்டீஸ் வரும். அவர்களை எங்கே அனுப்புவார்கள்? இன்னும் வெளியே. 5,904க்கு வெளியே.

*

நம் மேலும் தப்பு உண்டு. நகரத் திட்டம் என்றால் என்ஜினியர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். சிலைக்கு மாலை போட ஆயிரம் பேர் வருகிறோம். முழுமைத் திட்டத்தின் வரைவு வரும்போது ஒருவர்கூட எழுத்தில் ஆட்சேபணை கொடுப்பதில்லை. வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்றாவது முழுமைத் திட்டம் இப்போது தயாராகிறது. புதுநகர்களுக்கான திட்டங்களும் வரிசையில் நிற்கின்றன. இடிக்க வருகிற அன்று ஜே.சி.பி. முன்னால் படுப்பது வீரம்தான். ஆனால் அன்று நாம் இருபது வருஷம் தாமதமாக வந்திருக்கிறோம் என்று அர்த்தம். இடிக்கிற முடிவு வரைபடத்தில் எப்போதோ எடுக்கப்பட்டுவிடுகிறது.

எனவே மாணவத் தோழர்களிடம் கேட்கிறேன். விரிந்த பெருநகருக்குள் வந்த ஊர்களில் உங்கள் ஊர் உண்டா? கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களை எழுதி எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். சேரி எங்கே இருக்கிறது, எந்தப் புறம்போக்கில் எத்தனை வீடு இருக்கிறது என்று குறியுங்கள். அவர்களுடைய வட்டங்களுக்கு மேல் நம் வரைபடத்தை வைத்து ஆட்சேபணை கொடுப்போம். எந்தப் புது மையத்தின் திட்டத்துக்கும் முன்னால் அங்குள்ள பஞ்சமி நிலத்தை உரியவர்களிடம் கொடு என்போம். அந்த மையத்தைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காத்துச் சோறாக்கிப் போடப் போகிறவர்களின் வீடு அந்த மையத்துக்குள்ளேயே, தெருவுக்குத் தெரு கலந்து இருக்க வேண்டும், ஒரே இடத்தில் குவிக்காதே என்போம். பெயரிட்ட இன்னொரு சேரி வேண்டாம் என்போம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் மாதவரத்திலிருந்து சிறுசேரிவரை போகப்போகும் மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்பியிருக்கின்றன. ரயில் வந்தால் நல்லது, சீக்கிரமாகத் திருவல்லிக்கேணி போய் வரலாம் என்று எங்கள் தெருவில் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அம்மா அந்தத் தூண்களை வேறு மாதிரிப் பார்க்கிறாள்.

'ரயிலு வந்தா நம்ம எடத்துக்கு வெல ஏறும்டி' என்றாள் போன வாரம். 'வெல ஏறுனா நம்மள எங்க ஏத்துவானுங்கன்னு கேட்டு வை.'

கேட்டு வைக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.